கதவு திறந்திருக்கிறது, நம் பிள்ளைகள் ஏன் போகவில்லை?

எங்கள் ஊர் பஜாரில் மளிகைக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவருக்கு ஒரே மகள். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். சென்ற ஆண்டு ஒரு திங்கட்கிழமை காலை, பள்ளி இறைவணக்கக் கூட்டத்தில் வரிசையில் நின்றவள் அப்படியே மயங்கி விழுந்தாள். ஆசிரியைகள் ஆட்டோவில் ஏற்றி அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். தகவல் கிடைத்ததும் கல்லாவைக்கூடப் பூட்டாமல் ஓடினார் நண்பர். கூடவே நானும் ஓடினேன்.

"காலையில சாப்பிடாமப் போயிருப்பா டாக்டரம்மா" என்றார் நண்பர். இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. ஹீமோகுளோபின் 12 கிராம் இருக்க வேண்டிய உடம்பில் 7 கிராம்தான் இருந்தது!

தாயை அழைத்துத் தனியாக விசாரித்தார் டாக்டரம்மா. ஓராண்டாகவே அந்தப் பிள்ளைக்கு மாதவிடாய் 10 நாள், 12 நாள் என்று நிற்காமல் போயிருக்கிறது. வகுப்பில் தூக்கம், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கல், படித்தது மனதில் நிற்காத தவிப்பு. "சோம்பேறி" என்று வீட்டில் திட்டு வாங்கியிருக்கிறாள். தாய்க்கு ஓரளவு தெரியும். "வயசுக்கு வந்த புதுசுல அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிட்டார். தகப்பனுக்கோ எதுவுமே தெரியாது. மெடிக்கல் ஷாப்பில் சத்து டானிக் வாங்கிக் கொடுத்ததோடு அவர் கடமை முடிந்தது.

இதை எழுதலாமா என்று நண்பரிடம் கேட்டேன். "பேரைப் போடாம எழுதுங்க பாய். இன்னொரு வீட்டுப் பிள்ளைக்கு இந்த நிலைமை வரக்கூடாது" என்றார்.

என்னை அதிகம் உலுக்கியது வேறொன்று. அதே மருத்துவமனையில், தாழ்வாரத்தின் கடைசியில் ஓர் அறை. 'வளரிளம் பருவத்தினருக்கான ஆலோசனை' என்று பலகை. உள்ளே ஆலோசகர் பெண்மணி ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்தார். "எங்க தெருப் பிள்ளைகள் வருவாங்களாம்மா?" என்று கேட்டேன். "நான் வந்த நாளிலிருந்து ஒருத்தர்கூட வந்ததில்லைங்க" என்றார்.

நண்பரின் கடைக்கும் அந்த அறைக்கும் நடந்து போனால் பத்து நிமிடம்!

இப்படி ஓர் அறை இருப்பதே நமக்குத் தெரியாது

நம் நாட்டில் 10 முதல் 19 வயது வரை உள்ளவர்கள், 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 25 கோடிப் பேர். குழந்தைகளுக்குக் குழந்தை மருத்துவர் உண்டு. பெரியவர்களுக்குப் பொது மருத்துவர் உண்டு. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் இந்தப் பிள்ளைகள் எங்கே போவார்கள்? 13 வயதுப் பையன் மருத்துவமனை வரிசையில் நின்று, பத்துப் பேர் கேட்க, தன் அந்தரங்கத் தொல்லையைச் சொல்லுவானா?

இதை உணர்ந்துதான் இந்தப் பருவத்தினருக்கென்று தனி மருத்துவச் சேவை வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு நெடுங்காலமாக வலியுறுத்தி வருகிறது. 2014 ஜனவரியில் மத்திய அரசு 'ராஷ்ட்ரீய கிஷோர் ஸ்வஸ்த்ய காரியக்ரம்' என்ற பெயரில் வளரிளம் பருவத்தினர் நலத் திட்டத்தைத் தொடங்கியது. ஊட்டச்சத்து, இனப்பெருக்க உறுப்புகளின் நலம், மனநலம், காயங்களும் வன்முறையும், போதைப் பழக்கம், சர்க்கரை – இரத்த அழுத்தம் போன்ற தொற்றா நோய்கள் என ஆறு துறைகள் அதில் அடங்கும். ஆரம்ப சுகாதார நிலையங்களில் வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாளும், பெரிய மருத்துவமனைகளில் அன்றாடமும் இந்தப் பிள்ளைகளைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்பது திட்டத்தின் ஏற்பாடு. ஆலோசனைக்குக் காசு கிடையாது. அது நம் வரிப்பணம். பஜாரில் நாம் விற்கும் ஒவ்வொரு பொருளிலும் வசூலாகும் வரியில் அந்த அறைக்கும் பங்கு உண்டு. கட்டிய பணத்துக்குரிய சேவையை ஏன் நாம் வாங்காமல் விட வேண்டும்?

இரத்தசோகை ஒன்றையே எடுத்துக்கொள்வோம். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 100-க்கு 59 பேருக்கு இரத்தசோகை. அதற்கு முந்தைய, 2015-16 ஆய்வில் இது 54 ஆக இருந்தது. குறையவில்லை, கூடியிருக்கிறது! ஆண் பிள்ளைகளிலும் 100-க்கு 31 பேர். 'பையன்தானே, அவனுக்கென்ன' என்று நினைப்பவர்கள் இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளட்டும்.

இதைத் தடுக்கத்தான் வாரம் ஒரு நீல நிற இரும்புச்சத்து மாத்திரை பள்ளிகளில் கொடுக்கப்படுகிறது. ஆனால் 2012-ல் வகுத்த அந்தத் திட்டம் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, நகராட்சிப் பள்ளி ஆகியவற்றுக்கானது. வியாபாரிகளாகிய நாமோ கையில் நாலு காசு சேர்ந்தவுடன் பிள்ளையை மெட்ரிகுலேஷன் பள்ளியில் சேர்க்கிறோம். ஆயிரக்கணக்கில் கட்டணம் கட்டிப் படிக்கும் அந்தப் பிள்ளைக்கு, இலவசமாகப் படிக்கும் பிள்ளைக்குக் கிடைக்கும் மாத்திரை கிடைப்பதில்லை. பள்ளிக்கூடம் தேடி வரும் அரசு மருத்துவக் குழுவும் பெரும்பாலும் அந்த வாசலுக்கு வருவதில்லை. அப்படியானால் மருத்துவமனையில் இருக்கும் அந்த அறை யாருக்கு அதிகம் தேவை? நம் பிள்ளைகளுக்குத்தான்.

வெட்கம் என்று சொல்லித் தப்பிக்கலாமா?

"வயசுப் பிள்ளைய அந்த மாதிரி இடத்துக்குக் கூட்டிட்டுப் போனா நாலு பேர் என்ன நினைப்பாங்க?" இதுதான் நம் தாய்மார்களின் முதல் கேள்வி. மாப்பிள்ளை வீட்டார் காதுக்குப் போய்விடுமோ என்ற பயம் அதன் பின்னால் இருக்கிறது. இந்தப் பயத்தை நான் கேலி செய்யவில்லை. சிறிய ஊர்களில் ஒரு பெண் பிள்ளையின் பெயர் எப்படி அடிபடும் என்பது நமக்குத் தெரியும். ஆனால் 7 கிராம் இரத்தத்தோடு மயங்கி விழுந்த பிறகு ஊருக்கே தெரிந்ததே, அப்போது மறைக்க முடிந்ததா?

வெட்கம் ஈமானில் ஒரு கிளை என்பதில் நமக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் கற்க வேண்டியதைக் கற்பதில் அன்ஸாரிப் பெண்களை வெட்கம் தடுக்கவில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியதையும் ஜும்ஆ மேடைகளில் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறோம்?

மத்ரஸாவில் ஃபிக்ஹ் பாடம் ஓதியவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். தூய்மை என்ற பாடத்தில் ஹைளு என்பது என்ன, எத்தனை நாள், குளிப்பு எப்போது கடமை என்பதெல்லாம் ஒளிவுமறைவின்றிச் சொல்லப்படுகிறது. ஹைளின் அதிகபட்ச நாள் ஹனஃபி மத்ஹபில் 10, ஷாஃபி மத்ஹபில் 15. அதைத் தாண்டிப் போகும் இரத்தத்தை 'இஸ்திஹாளா' என்று தனியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். வழக்கமான மாதவிடாயும் அதைத் தாண்டிய இரத்தப்போக்கும் ஒன்றல்ல என்பதை நம் பெண்கள் நாள் கணக்கோடு ஓதியிருக்கிறார்கள்! தொழுகைக்காக எண்ணப்படும் அந்த நாட்களை ஆரோக்கியத்துக்காக ஏன் எண்ணவில்லை? இன்றைய மருத்துவமோ இன்னும் முன்னதாகவே எச்சரிக்கிறது. 7, 8 நாளைத் தாண்டினாலே பிள்ளையை மருத்துவரிடம் காட்டியாக வேண்டும்.

இத்தனை வெளிப்படையாக ஓதிக் கொடுக்கும் சமுதாயம், மருத்துவமனை வாசலில் மட்டும் 'பேசக்கூடாத விஷயம்' என்று நிற்பது எந்த வகையில் நியாயம்?

ஆண் பிள்ளைகளை விழுங்கக் காத்திருக்கும் லாட்ஜ் வைத்தியர்கள்

பெண் பிள்ளைக்காவது தாய் இருக்கிறாள். பையன்கள் யாரிடம் கேட்பார்கள்? மீசை அரும்பும் வயதில் உடம்பில் நடக்கும் மாற்றங்களைப் பார்த்து நடுங்கிப் போகும் பிள்ளைகள் எத்தனை பேர்! தூக்கத்தில் விந்து வெளியேறுவது நோயல்ல, அந்த வயதுக்கு இயல்பு. அதற்குக் குளிப்பு கடமை, அவ்வளவுதான் என்று மத்ரஸாவில் ஓதியவனுக்கும் தெரியும். ஆனாலும் பேருந்து நிலையச் சுவரில் 'வாலிப வயோதிக அன்பர்களே' என்று கூவும் நோட்டீஸைப் பார்த்தவுடன் கதிகலங்கிப் போகிறான். கடையில் சம்பளமாக வாங்கிய பணத்தையும், பெருநாள் காசையும் எடுத்துக்கொண்டு லாட்ஜ் அறைக்குப் போய் லேகியம் வாங்குகிறான். இப்போது அதே நோட்டீஸ் கைப்பேசியிலும் வருகிறது. இப்படிப்பட்ட விளம்பரங்களைத் தடை செய்து 1954-லேயே சட்டம் போட்டாயிற்று. எழுபது ஆண்டுகள் கடந்தும் சுவரொட்டி நிற்கவில்லை. காரணம், கேட்க இடமில்லாத பிள்ளை இருக்கும்வரை அந்த வியாபாரிக்கு வாடிக்கையாளர் உண்டு.

மனநலமும் அப்படித்தான். மனநோய்களில் பாதி 18 வயதுக்கு முன்பே தலைகாட்டுகின்றன என்று உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வரும் வாரத்தில் செய்தித்தாளைத் திறக்கவே கை நடுங்குகிறது. பிள்ளை பேசாமல் அறைக்குள் அடைந்து கிடந்தால் 'ஷைத்தான் பிடித்துவிட்டது' என்று தாயத்துக்கு ஓடுகிறோம். 2022 அக்டோபர் முதல் 14416 என்ற எண்ணில் அரசின் மனநல ஆலோசனை தொலைபேசியிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. தமிழிலேயே பேசலாம். நம் தெருவில் எத்தனை பிள்ளைகளுக்கு இந்த எண் தெரியும்?

"பிள்ளையைக் கெடுத்துவிடுவார்கள்" என்போருக்கு

சில பெரியவர்கள் கேட்கிறார்கள்: "அங்கே என்ன சொல்லிக் கொடுப்பாங்களோ? பெத்தவங்களுக்குத் தெரியாம மறைப்பாங்களாமே?"

கேட்க வேண்டிய கேள்விதான். பிள்ளை சொன்னதை ஊராரிடம் சொல்லாமல் காப்பது அந்த அறையின் முதல் விதி. அமானிதம் என்ற சொல்லை நமக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் எல்லாவற்றையும் புதைத்துவிடுவார்கள் என்பது தவறு. 18 வயதுக்குக் குறைந்த பிள்ளை பாலியல் கொடுமைக்கு ஆளானது தெரிந்தால் அதைக் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டம் கட்டாயப்படுத்துகிறது. அப்படிப்பட்ட கொடுமையை வெளியே கொண்டுவரும் முதல் வாசலாகவும் அந்த அறை இருக்க முடியும். பிள்ளையைக் கெடுப்பது எது? வெள்ளைக் கோட்டு போட்ட செவிலியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் விவரமா, நள்ளிரவில் போர்வைக்குள் கைப்பேசியில் பார்க்கும் அசிங்கமா? நாம் சொல்லாததையும், சொல்ல விடாததையும் சொல்லிக் கொடுக்க அங்கே ஆயிரம் பேர் காத்திருக்கிறார்கள்.

அரசையும் விடப்போவதில்லை

குற்றம் முழுவதும் நம்முடையதுதான் என்று ஒப்புக்கொண்டு உட்கார்ந்துவிட முடியாது. 2006-ல் வெளிவந்த சச்சார் குழு அறிக்கை, முஸ்லிம்கள் அதிகம் வாழும் கிராமங்களில் மருத்துவ வசதி உள்ளிட்ட அடிப்படை வசதிகள் குறைவு என்பதை எடுத்துக்காட்டியது. அன்று தொடங்கிய கேள்வி இன்னும் முடியவில்லை.

எங்கள் ஊர் ஆலோசனை அறை திறந்திருப்பது காலை முதல் பிற்பகல் வரை. பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நேரம் அதுதானே? பள்ளி விட்டு வரும்போது அறை பூட்டியிருக்கிறது. ஆலோசகர் விடுப்பில் போனால் மாற்று ஆள் இல்லை. போகும் வழியோ புறநோயாளிகள் வரிசையைத் தாண்டித்தான். தெரிந்த முகங்கள் பத்தைக் கடக்காமல் ஒரு பெண் பிள்ளை அங்கே போக முடியாது. பலகையை மாட்டிவிட்டால் சேவை கொடுத்ததாகிவிடுமா? வர முடியாத நேரத்தில் திறந்து வைத்துவிட்டு, 'யாரும் வரவில்லை' என்று கணக்கு எழுதுவது யாரை ஏமாற்ற?

எளிதில் போக முடிய வேண்டும், மனதுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும், எல்லாருக்கும் சமமாகக் கிடைக்க வேண்டும் என்பவை உலக சுகாதார அமைப்பு இந்தச் சேவைக்கு வைத்திருக்கும் அளவுகோல்களில் சில. புர்கா அணிந்த பிள்ளையிடம் "உங்க ஆளுங்க இதுக்கெல்லாம் வருவீங்களா?" என்று கேட்கும் ஓர் ஊழியர் போதும், அந்தத் தெருவே இனி அங்கே போகாது. ஊழியர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியது அரசின் பொறுப்பு.

வியாபாரப் பெருமக்களுக்கு ஒரு வார்த்தை

பள்ளிக்கூட வாசலில் கடை வைத்திருப்பவர்களில் நம்மவர்களும் உண்டு. கசப்பாக இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். கல்வி நிலையத்திலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது, 18 வயதுக்குக் குறைந்தவருக்கு எங்குமே விற்கக் கூடாது என்பது 2003-ம் ஆண்டுச் சட்டம். 'இருநூறு ரூபாய் அபராதம்தானே' என்று அலட்சியமாக இருப்பவர்கள் 2015-ம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தைப் பார்க்கட்டும். சிறுவருக்குப் புகையிலையோ போதைப் பொருளோ கொடுத்தால் 7 ஆண்டு வரை கடுங்காவலும், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஒரு பாக்கெட்டில் என்ன லாபம்? சில காசுகள். அந்தக் காசில் பரக்கத் வருமா? அதே பாக்கெட் சுற்றிச் சுற்றி நம் வீட்டுப் பிள்ளையின் சட்டைப் பைக்கும் வந்து சேராது என்று யார் உத்தரவாதம் தருவது?

இன்னொன்று. பள்ளி விட்டதும் பிள்ளையைக் கடையில் உட்கார வைக்கிறோம். தொழில் பழகட்டும், தவறில்லை. ஆனால் இரவு பத்து மணி வரை கல்லாவில் இருந்துவிட்டு, டீயும் பன்னும் சாப்பிட்டுப் படுக்கும் பையனுக்கு உடம்பில் இரத்தம் எங்கிருந்து ஊறும்? சாப்பாட்டோடு குடிக்கும் டீ, சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு ஏற்காமல் தடுத்துவிடுகிறது என்பது கூட நமக்குத் தெரியாது. வாரத்தில் ஒரு மாலை அவனைக் கடையிலிருந்து விடுவித்து அந்த அறைக்கு அனுப்பினால் வியாபாரம் படுத்துவிடாது.

இனி என்ன செய்யலாம்?

ஒவ்வொரு ஊரிலும் ஜமாஅத்தும் இளைஞர்களும் உடனே எடுக்கக்கூடிய அடிகள் இவை:

1. உங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் வளரிளம் பருவத்தினர் ஆலோசனை அறை இருக்கிறதா, எந்த நாள், எந்த நேரம், பெண் ஆலோசகர் உண்டா என்று இளைஞர் இருவர் நேரில் போய் விசாரித்து எழுதி வாருங்கள்.

2. இல்லையென்றாலோ, பள்ளி நேரத்தில் மட்டும் திறந்திருந்தாலோ, மாலை நேரத்திலும் சனிக்கிழமையிலும் திறக்கவும், தனி வாசல் அமைக்கவும், பெண் ஆலோசகர் நியமிக்கவும் கோரி ஜமாஅத் பெயரில் மாவட்ட ஆட்சியரிடம் மனுக் கொடுங்கள். மனுவின் நகலில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள்.

3. பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் அந்த நாளையும் நேரத்தையும், 14416 என்ற மனநல எண்ணையும், 1098 என்ற சிறுவர் உதவி எண்ணையும் எழுதி வையுங்கள். கடைக்காரர்கள் கல்லாவுக்கு மேல் ஒட்டுங்கள்.

4. நம் சமுதாயம் நடத்தும் பள்ளிகளின் நிர்வாகிகள் வட்டார மருத்துவ அலுவலரைச் சந்தித்து, இரும்புச்சத்து மாத்திரையும் மருத்துவக் குழுவின் பரிசோதனையும் தங்கள் மாணவர்களுக்கும் கிடைக்க வழி கேளுங்கள். மாத்திரையை வெறும் வயிற்றில் கொடுக்காதீர்கள், குமட்டும். ரமளானில் இஃப்தாருக்குப் பின் சாப்பிட்டுவிட்டுப் போடலாம். மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம், அது மாத்திரையில் உள்ள இரும்புச்சத்தால் வருவது.

5. பெண்கள் மத்ரஸாவில் மாதம் ஒரு நாள் அரசு மருத்துவமனைப் பெண் மருத்துவரையோ செவிலியரையோ அழைத்து, தாயும் மகளும் சேர்ந்து உட்கார்ந்து கேட்க ஏற்பாடு செய்யுங்கள். முதல் தடவை ஆலோசகர் நம் தெருவுக்கு வந்தால், இரண்டாம் தடவை நம் பிள்ளைகள் அவர் அறைக்குப் போவார்கள்.

ஆண்டுதோறும் மீலாது மேடைக்கும் வரவேற்பு வளைவுக்கும் எவ்வளவு செலவழிக்கிறோம் என்பது ஒவ்வொரு ஜமாஅத்தின் கணக்குப் புத்தகத்திலும் இருக்கிறது. மேலே சொன்ன ஐந்துக்கும் ஆகும் செலவு ஒரு வாடகை நாற்காலிக் கணக்குக்குக் கூட வராது. தேவைப்படுவது கொஞ்சம் நேரமும், 'நாலு பேர் என்ன நினைப்பார்கள்' என்ற பயத்தை உதறும் துணிவும்தான்.

நண்பரின் மகள் இப்போது நன்றாக இருக்கிறாள், அல்ஹம்துலில்லாஹ். நாலு மாத சிகிச்சையில் இரத்தம் 11 கிராமைத் தாண்டியது. பத்தாம் வகுப்புக்குப் போய்விட்டாள். ஒவ்வொரு மாதமும் தாயோடு அந்த அறைக்குப் போகிறாள். போன மாதம் தன் வகுப்புத் தோழிகள் இருவரையும் அவர்கள் தாய்மாரோடு அழைத்துப் போனாளாம். எங்கள் தெருவிலிருந்து அந்த அறையின் பதிவேட்டில் இப்போது மூன்று பெயர்கள் ஏறியிருக்கின்றன.

உங்கள் தெருவிலிருந்து எத்தனை பெயர்?